ட்ரொம்ஸோவில் சாப்பிடுவது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

வட ஒளி, அதாவது அரோரா பார்க்க வட நார்வேயின் ட்ரொம்ஸோ போகிற நம் ஆட்கள் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, கேமரா ஸ்டாண்டு என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணுவார்கள். சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை இரவு எட்டரைக்குப் பசியோடு பனியில் வழுக்கிக்கொண்டே கதவு கதவாக ஏறி இறங்கி, எல்லா இடத்திலும் "இன்று இடமில்லை" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு பர்கரை 250 குரோன் கொடுத்து நின்றுகொண்டே தின்றுவிட்டு வந்து, நார்வேயில் சாப்பாடே சரியில்லை என்று எழுதுவார்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. நேரம்தான் நம் நேரம் இல்லை.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே, ட்ரொம்ஸோயா என்ற தீவின் கிழக்குக் கரையில் நகர மையம் இருக்கிறது. ஸ்டோர்காட்டா என்ற நீளமான கடைத்தெரு, அதற்குக் கீழே துறைமுகம், மேலே இன்னும் இரண்டு மூன்று இணைத்தெருக்கள், அவ்வளவுதான். நீங்கள் சாப்பிடப் போகும் இடங்களில் முக்கால்வாசி இந்தப் பகுதிக்குள், கால் மணி நேர நடைக்குள் இருக்கும். குளிர்காலத்தில் அந்தக் கால் மணி நேரம் அரை மணி ஆகிவிடும், ஏனென்றால் நடைபாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். உணவகத்துக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், மரத்தரை கீறிவிடும்.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை

முதலில் நாள்காட்டியை எடுங்கள். நீங்கள் போகும் நாட்களில் எது ஞாயிறு, எது விடுமுறை என்று குறித்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். 100 சதுர மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கடைகள், பெட்ரோல் பங்க் கடைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். உணவகங்களிலும் சில ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அடுப்பு மூட்டுவதில்லை. டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் ஊரே வீட்டுக்குள் போய்விடும், 25ஆம் தேதி விடுதிகளோடு சேர்ந்த உணவகங்களை விட்டால் கதியில்லை. ஈஸ்டரை ஒட்டிய வியாழன், வெள்ளி, அடுத்து வரும் திங்கள், இவையும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அரோரா பார்க்கப் போகிற குடும்பங்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், 23ஆம் தேதியே சமையல் பொருள் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இன்னொன்று, நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை யூலெபோர்ட் என்ற அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்துகளின் காலம். வியாழன், வெள்ளி, சனி மாலைகளில் நல்ல உணவகங்களை உள்ளூர்க்காரர்களே கூட்டம் கூட்டமாகப் பிடித்திருப்பார்கள். அந்த வாரங்களில் போகிறீர்கள் என்றால் திங்கள் முதல் புதன் வரைக்குள் உங்கள் பெரிய விருந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முன்பதிவு. டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் மூன்று நான்கு வாரம் முன்னாலேயே செய்துவிடுங்கள், உணவகத்தின் சொந்த இணையதளத்திலேயே செய்யலாம். ஆறு பேருக்கு மேல் போனால் இன்னும் முன்னால். சில இடங்களில் கார்டு விவரம் கேட்பார்கள், சொல்லாமல் வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், ஆகவே ரத்து செய்வதற்கான கெடுவைப் படித்துவிட்டு அழுத்துங்கள். ஒரு மேசை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் உங்களுடையது. ஏழு மணி இடம் கிடைக்கவில்லை என்றால் ஐந்து மணிக்குப் பாருங்கள். நார்வேக்காரர்களே நாலு, ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாட்டை வீட்டில் முடிப்பவர்கள்தான், அந்த ஊரில் ஐந்து மணி ஒன்றும் அசிங்கமில்லை. அதுவும் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வாக்கில்தான் திரும்பத் தலைகாட்டும் ஊரில் மதியம் மூன்று மணிக்கே கும்மிருட்டு, வயிறும் ஏமாந்துவிடும்.

தங்குமிடம் பிடிக்கும்போதே காலை உணவு சேர்ந்ததாகப் பிடியுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நார்வே விடுதிகளின் காலை மேசை பெரியது: ரொட்டி வகைகள், முட்டை, பாலாடைக்கட்டி, புகையிட்ட சால்மன், ஊறவைத்த ஹெர்ரிங் மீன், ஓட்ஸ் கஞ்சி, பழம், சில இடங்களில் வாஃபிள். பத்து மணிக்கு நிதானமாகச் சாப்பிட்டால் மூன்று மணி வரை தாங்கும். கிளாரியன் கலெக்ஷன் வகை விடுதிகளில் மாலையில் எளிமையான ஒரு சாப்பாடும் அறைவாடகையிலேயே சேர்ந்து வருவது வழக்கம், வாடகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் லாபமாகவே முடியும். காலை மேசையிலிருந்து ரகசியமாக சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். கேட்டால் சின்னத் தொகைக்குப் பொட்டலம் கட்ட அனுமதிக்கிற விடுதிகள் உண்டு, கேட்டுவிட்டே செய்யலாம்.

இந்தியா, இலங்கையிலிருந்து மூட்டை கட்டுகிறவர்களுக்கு: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரக்கூடாது. அதாவது நெய், பால்கோவா, பனீர், கோழி ஊறுகாய் எல்லாம் வேண்டாம். இட்லிப் பொடி, ரசப் பொடி, அவல், உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல் இவை போதும், மிளகாய்த்தூள் ஒரு சின்ன டப்பாவில் கைப்பையிலேயே இருக்கட்டும். அங்கே காரம் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

வந்த அன்று

விமான நிலையம் தீவின் மறுபக்கம், மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் போல. இறங்கியவுடன் அறைக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, உணவகம் தேடாமல் நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். ரெமா 1000, கிவி, கூப் எக்ஸ்ட்ரா, இந்த மூன்று பெயர்ப்பலகையில் ஏதாவது ஒன்று கண்ணில் படும், விலை இவற்றில்தான் குறைவு. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், உணவகத்திலும் அதையே கேட்கலாம்.

வாங்க வேண்டியது: ரொட்டி, முட்டை, வாழைப்பழம், சாதாரணத் தயிர், மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் சூடாகும் சோற்றுப் பாக்கெட். தயிரும் சோறும் கிடைத்துவிட்டால் நமக்கு வேறென்ன வேண்டும்? குல்துர்மெல்க் என்று ஒரு பால் அட்டைப்பெட்டியில் இருக்கும், பழக்கமில்லாதவர்கள் சாதாரணப் பால் என்று காப்பியில் ஊற்றிவிட்டு முகம் கோணுவார்கள், அது புளித்த பால், உப்புப் போட்டுக் கலக்கினால் கெட்டி மோர். வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போனால் எல்லார் கூடையிலும் டாக்கோ சாமான் இருப்பதைப் பார்க்கலாம். நார்வே வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றாலே டாக்கோதான், எப்படியோ மெக்சிகோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அலமாரியிலுள்ள கோதுமை டோர்ட்டியாவைச் சட்டியில் வாட்டி, டப்பா கொண்டைக்கடலையை நம் பொடியோடு வதக்கி உள்ளே வைத்தால் ஒரு வேளை முடிந்தது. சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். எல்லா வேளையும் வெளியே சாப்பிட்டால் பணம் போகிற வேகத்தைப் பார்த்து இரண்டாம் நாளே மனசு கெட்டுப்போகும், பிறகு நல்ல மீனையும் ரசிக்க முடியாது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குரோன் எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காப்பி 50 குரோன் சுற்றி. தெருவோர ஹாட் டாக் 70லிருந்து 100. மதியம் ஒரு கிண்ணம் மீன் சூப், ரொட்டியோடு 200லிருந்து 250. இரவில் நல்ல உணவகத்தில் ஒரு முக்கியத் தட்டு 350 முதல் 450. வரிசையாகப் பல தட்டுகள் வரும் விருந்து ஆயிரத்தைத் தாண்டும். அரை லிட்டர் பியர் 110, 120 என்று போகும். ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை முதல் நாள் மட்டும் செய்யுங்கள்.

கஃபேயில் "இங்கேயா, எடுத்துப்போகவா?" என்று கேட்பார்கள். இது வெறும் உபசாரக் கேள்வி இல்லை. எடுத்துப்போகும் உணவுக்கு வரி 15 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் 25 சதவீதம், அதனால் ஒரே பன்னுக்கு இரண்டு விலை. ஆனால் வெளியே மைனஸ் எட்டில் பன்னைக் கையுறையோடு பிடித்துத் தின்னப் போகிறீர்களா என்றும் யோசியுங்கள்.

மதியம்தான் உங்கள் நேரம்

வெளியே சாப்பிடும் காசை மதியத்தில் செலவு பண்ணுங்கள் என்பது என் உறுதியான கட்சி. பதினொன்றிலிருந்து மூன்று வரை பல நல்ல உணவகங்கள் சின்ன மெனு ஒன்று போடும், அதே அடுப்பு, அதே சமையல்காரர், விலை மட்டும் குறைவு, முன்பதிவும் பெரும்பாலும் தேவைப்படாது. கதீட்ரலுக்கு எதிரே, சர்ச் தெருவில் இருக்கும் எம்மாஸ் இதற்கு நல்ல உதாரணம். 1861இல் கட்டிய அந்த மரக் கதீட்ரலைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தால் போதும். அவர்களுடைய மீன் கிராத்தேன், அதாவது வெள்ளை சாஸில் மீனும் மேலே மொறுமொறுப்பும் வைத்து அடுப்பில் சுட்டது, ஊர் முழுக்கப் பெயர் பெற்றது. பார்க்க வெளுப்பாக இருக்கும், ஒரு வாய் வைத்தபின் பேச மாட்டீர்கள். க்ரென்னெகாட்டாவில் இருக்கும் மாத்ஹாலன் இன்னொரு நல்ல மதிய இடம். ஸ்ட்ராண்ட்காட்டாவில் ரீஸோ என்ற கஃபே, காப்பிக்கும் திறந்த சாண்ட்விச்சுக்கும். பன்னிரண்டரைக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும், பதினொன்றரைக்குப் போய்விடுங்கள். காஃபெபென்னா என்ற உள்ளூர் காப்பிக்கடைக்கு ஊருக்குள் கிளைகள் உண்டு, இலவங்கப்பட்டை பன் அங்கே சாப்பிடலாம்.

ஸ்டோர்காட்டாவின் சதுக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பெட்டிக்கடை மாதிரி ஒன்று நிற்கும், அதுதான் ராக்கெட்டன். 1911ஆம் ஆண்டுக் கட்டடம், உள்ளே நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். பனிமான் சாசேஜைச் சுட்டு ரொட்டியில் வைத்துத் தருவார்கள், பக்கத்தில் தீ மூட்டியிருந்தால் அதனருகே நின்று சாப்பிடலாம். பனிமான் இறைச்சியை முதலில் ருசி பார்க்க இதுதான் மலிவான வழி, பிடிக்காவிட்டால் நூறு குரோனோடு போயிற்று. சைவ சாசேஜ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மதியத்தில் இன்னொரு வழி, பாலத்தைத் தாண்டி கேபிள் கார் ஏறி 421 மீட்டர் உயரத்திலுள்ள ஃபெல்ஸ்டுவா கஃபேயில் உட்காருவது. சாப்பாடு சுமார்தான், ஜன்னலுக்குத்தான் காசு. கோடையில் போகிறவர்கள் கேபிள் காருக்குப் பதிலாக நேபாள ஷெர்பாக்கள் கல் பதித்துக் கட்டிய ஆயிரத்து இருநூறு சொச்சம் படிகளில் ஏறினால் மேலே கிடைக்கும் வாஃபிள் தேவாமிர்தம். வாஃபிள்மேல் பழுப்பு பாலாடைக்கட்டியை மெல்லிய சீவலாக வைத்து ஜாம் தடவித் தருவார்கள். அந்தக் கட்டி இனிக்கும், பால்கோவாவில் உப்புப் போட்ட மாதிரி ஒரு சுவை. குழந்தைகளுக்குப் பிடித்துவிடும்.

அரோரா வண்டி ஏறும் நாட்கள்

பெரும்பாலான வட ஒளிச் சுற்றுலாக்கள் மாலை ஆறு, ஏழு மணி போலக் கிளம்பி நடுநிசி தாண்டி ஒன்று இரண்டுக்குத் திரும்பும். அதாவது இரவு உணவு நேரம் முழுவதும் நீங்கள் ஏதோ ஒரு ஃப்யோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் கடல், அதன் ஓரம் இருட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். திரும்பி வரும்போது உணவகங்களின் அடுப்பு அணைந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், வார இறுதி என்றால் கெபாப் கடை எதாவது திறந்திருக்கும், மற்ற நாட்களில் அதுவும் சந்தேகம். எனவே அந்த நாட்களில் நாலு மணிக்கே கனமாகச் சாப்பிட்டுவிடுங்கள், இரவுக்கு அறையில் தயிர்சோறு இருக்கட்டும்.

வண்டியிலும் ஏதாவது தருவார்கள். பல நிறுவனங்கள் தருவது ரியல் டூர்மாட் என்ற உலர்ந்த உணவுப் பை, கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் மூடி வைத்தால் குழம்பாகிவிடும். மலையேறுகிறவர்களுக்காக ட்ரொம்ஸோவிலேயே தயாராகிற சரக்கு அது, விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றுமில்லாததாகத் தெரியும், மைனஸ் பதினைந்தில் நின்று சாப்பிட்டால் கதையே வேறு. சைவ வகையும் உண்டு, ஆனால் அதை வண்டி ஏறும்போது கேட்டால் இருக்காது, பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும்.

பகலில் பனிமான் பண்ணைக்குக் கூட்டிப்போகும் சுற்றுலாவில் சாமி என்ற வடக்குப் பழங்குடி மக்களின் பிதோஸ் குழம்பு கிடைக்கும். பனிமான் இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், தண்ணீர், உப்பு, அவ்வளவே. திருமண வீடுகளில் பெரிய பானையில் வைக்கிற பண்டம். கூம்புக் கூடாரத்துக்குள் தீயைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, மசாலாவே இல்லாத குழம்பு எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். ஊருக்குள் உணவகத்தில் இதே பனிமானுக்கு மூன்று மடங்கு கொடுப்பதைவிட இது மேல் என்பேன்.

ஒரே ஒரு மீன் இரவு

அரோரா வண்டி இல்லாத ஓர் இரவை ஒதுக்கி, அந்த ஓர் இரவு மட்டும் கணக்குப் பார்க்காமல் நல்ல மீன் சாப்பிடுங்கள். துறைமுகத்து ஓரத்தில் இருக்கும் ஃபிஸ்கெகொம்பானியெட் இதற்கு நம்பிக்கையான இடம், ஜன்னலோர மேசை கேளுங்கள். பார்துஸ் பிஸ்ட்ரோ கொஞ்சம் இளைப்பாறலான இடம். எங்கே போனாலும் சரி, என்ன கேட்பது என்பது இதைவிட முக்கியம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் மெனுவில் ஸ்க்ரேய் என்ற சொல்லைத் தேடுங்கள். பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்த காட் மீன் முட்டையிடுவதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி நார்வேக் கரைக்கு வரும் காலம் அது. நீந்தி நீந்தி சதை இறுகியிருக்கும், வெள்ளைவெளேரென்று இதழ் இதழாகப் பிரியும். இதிலேயே மெல்யெ என்று கேட்டால் வேகவைத்த மீன், அதன் ஈரல், சினை, உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றாக வரும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே மீனெண்ணெய், அந்த எண்ணெய் இருப்பது இந்த ஈரலில்தான். வெயிலே இல்லாத ஏழு வாரத்தை இந்த மக்கள் வைட்டமின் டி மாத்திரை வருவதற்கு முன் எப்படித் தாண்டினார்கள் என்பதற்கு இந்தத் தட்டும் ஒரு பதில். மீன் தலையை விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் யோசிக்காமல் இதைக் கேளுங்கள். ஃபில்லே என்ற முள் நீக்கிய துண்டு மட்டும் பழகியவர்கள் சாதாரணமாகச் சுட்ட ஸ்க்ரேயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோடையில் ஸ்க்ரேய் இருக்காது. அப்போது ஹாலிபட், அங்கே க்வெய்டெ என்பார்கள், அல்லது ஸ்டெய்ன்பிட் என்ற முரட்டு முக மீன், முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டால் அருமை. இறாலை உள்ளூர்க்காரர்கள் வேகவைத்துக் குளிர்ந்ததாகக் கிலோக் கணக்கில் வாங்கி, தாங்களே உரித்து, வெள்ளை ரொட்டியில் குவித்து, மயோனைஸும் எலுமிச்சையும் வைத்துச் சாப்பிடுவார்கள். துறைமுகத்தருகே மீன்கடையில் நீங்களும் வாங்கிப்போய் அறையில் செய்யலாம், நாலு பேர் உட்கார்ந்து உரிப்பதற்கு ஒரு மணி நேரம் நன்றாகப் போகும்.

கருவாட்டுப் பிரியர்களுக்கு இரண்டு சொற்கள். டெர்ஃபிஸ்க், உப்பே போடாமல் பிப்ரவரியிலிருந்து மே வரை மரச்சட்டங்களில் குளிர்காற்றில் தொங்கவிட்டுக் காயவைத்த காட் மீன், கடையில் சின்னப் பாக்கெட்டாக நொறுக்குத்தீனி போலவும் விற்கும். பொக்னாஃபிஸ்க் அரைகுறையாகக் காய்ந்தது, தட்டில் சமைத்து வரும். வாசனை நமக்குப் பழகியதுதான், ஆனால் கவனம், அதன்மேல் வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள் போடுவது அங்கே வழக்கம். பன்றி சாப்பிடாதவர்கள் மீன்தானே என்று அசட்டையாக இருந்துவிடக்கூடாது, கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். இந்த வடக்குக் கரையின், அதிலும் ஃபின்மார்க் பகுதியின், மீன் ஆலைகளில் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஈழத்திலிருந்து போன நம் மக்கள் பலர் நின்றுகொண்டே மீன் வெட்டிப் பிழைத்திருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வரும்.

ராஜ நண்டு பற்றி எல்லாரும் கேட்பார்கள். பசிபிக்கில் இருந்ததை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பேரன்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்டார்கள், அது பெருகி நார்வே பக்கம் வந்துவிட்டது. சுவையானது, சந்தேகமில்லை, ஆனால் விலை எடைக்கு. "இது எவ்வளவு வரும்?" என்று வாய்விட்டுக் கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கால் பகிர்ந்தால் ஆசை தீர்ந்துவிடும். திமிங்கலம் சில மெனுக்களில் இருக்கும், நார்வேயில் அது சட்டப்படியானதே. நான் பரிந்துரைக்க மாட்டேன், மாட்டிறைச்சிக்கும் ஈரலுக்கும் நடுவே ஒரு சுவை, சுற்றுலாப் பயணிக்காகவே வைத்ததாகத் தோன்றும். அதன் பண்டம் எதையும் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் வில்லங்கம்.

சைவம், மாடு, பன்றி

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான உணவகங்களில் ஒரு சைவத் தட்டு இருக்கும், அது ஒன்றுதான் இருக்கும். பீட்சா, ஃபலாஃபெல், தாய், இந்திய உணவகம் என்று ஊருக்குள் மாற்று வழிகளும் உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு மீனிலா கோழியிலா என்று கேளுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை உணவகம் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், அதில் மீன், நண்டு வகை, முட்டை, பால் எல்லாம் அடக்கம், ஆகவே கேட்டால் எரிச்சல்பட மாட்டார்கள், அதற்கென்று தாளே வைத்திருப்பார்கள். இறைச்சி அந்தப் பட்டியலில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மெனு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில்தான் நார்வேஜியன் மட்டும் இருக்கும். ஸ்வின் என்றால் பன்றி, ஒக்ஸெ அல்லது ஸ்டோர்ஃபே என்றால் மாடு, ஷில்லிங் கோழி, ரெய்ன் பனிமான், டோர்ஸ்க் காட் மீன், ரேக்கெர் இறால். ஃபின்பிஃப் என்று பார்த்தால் மாடு என்று ஒதுங்க வேண்டாம், அது மெல்லிசாகச் சீவிய பனிமானைக் காளானும் கிரீமும் போட்டுச் செய்வது, ஊர் உணவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளே நுழைந்த பிறகு

உட்கார வைக்கும்வரை வாசலில் நில்லுங்கள், கனமான ஜாக்கெட்டை மாட்டுவதற்கு இடம் இருக்கும். கஃபே என்றால் நீங்களே கவுண்டரில் சொல்லிக் காசு கொடுத்துவிட வேண்டும், மேசையில் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். பரிமாறுகிறவரைக் கைதட்டியோ கூவியோ அழைக்காதீர்கள், கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் வருவார்.

காசு கார்டில். 2024 அக்டோபரிலிருந்து ரொக்கத்தையும் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் இறுகியிருக்கிறது, ஆனாலும் யாரும் ரொக்கம் எடுப்பதைப் பார்க்க மாட்டீர்கள். விப்ஸ் என்று எங்கும் எழுதியிருக்கும், அது உள்ளூர்க்காரர்களின் கைப்பேசிப் பணம், சுற்றுலாப் பயணிக்கு உதவாது. இயந்திரம் "ரூபாயிலா, குரோனிலா?" என்று கேட்டால் எப்போதும் குரோன். டிப்ஸ் கட்டாயமில்லை. திரையில் கேட்கும், பூஜ்யம் போட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள், நன்றாகக் கவனித்தார்கள் என்றால் ஐந்து முதல் பத்து சதவீதம் போடுங்கள்.

குடிப்பவர்களுக்கு: கடையில் 4.7 சதவீதம் வரையுள்ள பியர்தான் கிடைக்கும், அதுவும் வார நாட்களில் எட்டு மணி வரை, சனிக்கிழமை ஆறு மணி வரை, ஞாயிறு கிடையாது. கடை திறந்தேயிருக்கும், பியர் அலமாரிக்குத் திரை போட்டுவிடுவார்கள். ஒயினும் அதற்கு மேலும் வின்மோனோபோலெட் என்ற அரசுக் கடையில் மட்டும், நம் டாஸ்மாக்கோடு ஒப்பிடவே முடியாத சுத்தம், ஆனால் வார நாளில் ஆறு மணிக்கே கதவடைத்துவிடும், சனிக்கிழமை அதைவிடச் சீக்கிரம். பியருக்கும் ஒயினுக்கும் 18 வயது, மற்றவற்றுக்கு 20, இளமையாகத் தெரிந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஸ்டோர்காட்டாவின் தென்முனையில் ஏல்ஹாலன் என்ற மதுக்கூடம் 1928இலிருந்து இருக்கிறது, 1877இல் தொடங்கிய மாக் மதுவாலையுடையது, வேட்டைக்காரர்களும் மீனவர்களும் குடித்த இடம், மூலையில் பாடம் செய்த பனிக்கரடி நிற்கும். உற்பத்தியை 2012இல் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள், கூடம் மட்டும் அங்கேயே. குடிக்கிற இடம் அது, சாப்பாடு எதிர்பார்த்துப் போகாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் எந்த மதுக்கூடமானாலும் வாசலிலேயே வயது விதியைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை விடுதி மேசையில் தாமதமாக உட்காருங்கள், மதியம் கேபிள் கார் கஃபே, நாலரை மணிக்கு முன்பதிவு செய்த விடுதி உணவகம் ஒன்று, அல்லது எகோன் மாதிரிச் சங்கிலி உணவகம், ருசியில் பெரிதாக ஒன்றுமில்லை என்றாலும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும், குழந்தைகளுக்குப் பீட்சாவும் கிடைக்கும். திங்கட்கிழமை அதிகாலை விமானம் என்றால் ஞாயிறு இரவே ரொட்டியில் ஏதாவது தடவிப் பொட்டலம் கட்டிவிடுங்கள், விமான நிலையத்துச் சாண்ட்விச்சின் விலைக்கு ஸ்டோர்காட்டாவில் ஒரு மதிய சூப்பே வந்துவிடும்.